நஞ்சுக்கொடி மேலே ஏறிய வருஷம்

ஸ்கேன் எடுக்க வருகிறவள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கே வைத்துக் குடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிறவள் நான். வீட்டிலேயே செம்பு செம்பாகக் குடித்துவிட்டு, திருத்துறைப்பூண்டியில் தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டேன். மன்னார்குடி வருவதற்குள் எனக்குக் கண் பிதுங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அங்கே பள்ளத்துக்கு நடுவே ஆங்காங்கே கொஞ்சம் ரோடு இருக்கும், அவ்வளவுதான்.

"எறங்கிடலாமா புள்ள?" என்று என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எறங்குனா குடிச்சதெல்லாம் வீணு. பேசாம வாங்க. இந்த டிரைவர் மட்டும் என் கையில கெடைக்கட்டும், இருக்கு அவனுக்கு."

தஞ்சாவூருக்கு ஸ்கேன் மிஷின் வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் தெருவிலிருந்து அதில் படுக்கப் போன முதல் ஆள் நான்தான். பயமும் இருந்தது, அதைவிடப் பரபரப்பு இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஐந்து மாதம் முடியப் போகிறது, உள்ளே ஓர் அசைவு தெரியவில்லை. என் மாமியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. "எனக்கு இவன் அஞ்சாம் மாசத்துலயே சடுகுடு ஆடுனான்" என்று தினமும் என் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அவர் தலை மறைந்ததும் நான் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க எனக்கே தைரியம் வரவில்லை. ஊரையே கேள்வி கேட்கிற வாய் இது.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. வயிற்றில் சில்லென்று எதையோ தடவினார்கள். ஆன்டெனா திரும்பிப்போன டிவி மாதிரி திரை முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கால் மடங்கியது, நீண்டது, விட்டது பாருங்கள் ஓர் உதை!

"ஐயய்யோ! உதைக்குது! ஏங்க, உள்ள வாங்க, உதைக்குதுங்க!"

நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற என் வீட்டுக்காரர் செருப்போடு உள்ளே ஓடிவந்துவிட்டார். ஸ்கேன் எடுத்த டாக்டர் முதலில் கோபப்பட்டார், பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். திரையில் தடிப்பாகத் தெரிந்த ஒரு பட்டையைக் காட்டினார்.

"இதான் நஞ்சுக்கொடி. முன்பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கு. கொழந்தைக்கும் உங்க வயித்துக்கும் நடுவுல தலகாணி வச்ச மாதிரி. அது உதைக்கிற உதையெல்லாம் இதுவே வாங்கிக்குது. அதான் உங்களுக்குத் தெரியல. இன்னும் கொஞ்ச நாள்ல தெரியும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஆனா கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு, உங்க டாக்டரம்மாகிட்ட காட்டுங்க" என்று அவர் அடுத்துச் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. நான் பாத்ரூமைத் தேடி ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் தாலுக்கா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்றால் அந்த அம்மாவுக்கு நெற்றிக்கு மேலே. அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"நஞ்சு கருப்பை வாய்க்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. கடைசி வரைக்கும் அங்கயே இருந்தா கொழந்தை வர்ற வழிய மறிச்சுக்கும். அப்ப ஆபரேஷன்தான். ஆனா இப்பவே பயந்து சாகாத, முக்காவாசிப் பேருக்கு மேல போயிடும். வெயிட்டு தூக்கக் கூடாது. நடவுக்கு எறங்கக் கூடாது. ரத்தம் பட்டா, வலியே இல்லேன்னாலும், நேரா இங்க வந்து நிக்கணும். புரியுதா?"

"அதெப்படிங்க மேல போவும்? ஒட்டிக்கிச்சுங்கறீங்க. நட்ட நாத்து நடந்து போவுமா?"

என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். டாக்டரம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு ரப்பர் கையுறையை எடுத்தார். மணிக்கட்டு நுழையும் விளிம்புக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். விளிம்பை வாயில் குவித்துப் பிடித்து ஊதினார். கையுறை உப்பியது, விரலெல்லாம் விறைத்து நின்றது, வாயோரம் இருந்த புள்ளி எங்கேயோ மேலே போய்விட்டது.

"புள்ளி நகந்துச்சா? நகரல. ஒட்டுன எடத்துலயேதான் இருக்கு. அதுக்குக் கீழ இருக்கற பகுதி இழுபட்டு வளருது. ஒன் கருப்பையும் இப்படித்தான் வளரும்."

"ஆத்தாடி!" என்றேன். "அத எனக்குக் குடுங்க டாக்டரம்மா."

கொடுத்தார். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் என் அலம்பல் தாங்க முடியவில்லை. பார்க்கிற பெண்களையெல்லாம் நிறுத்தி, புள்ளி வைத்து ஊதிக் காட்டினேன். மாமியார் முகத்துக்கு நேரே ஊதினபோது ஐந்து விரலும் படீரென்று நீட்டிக்கொள்ள, அவர் பின்வாங்கி, "சீ, எடு அந்தப் பக்கம்! புள்ளைய சுமக்கச் சொன்னா பலூன் ஊதிக்கிட்டுத் திரியறா" என்றார். ஆனால் இரண்டு நாள் கழித்துக் குளக்கரையில் அவரே இன்னொருத்திக்கு அதை விளக்கிக்கொண்டிருந்ததை நான் என் காதாலேயே கேட்டேன்.

இங்கே எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது. ஒரு கழக ஆட்சியில் பந்தல் போட்டு, மைக் கட்டி, பட்டா கொடுத்தார்கள். இன்னொரு கழக ஆட்சி வந்தது, மறுபடியும் மைக் கட்டினார்கள், வழக்கு மட்டும் முடியவில்லை. பண்ணை கோர்ட்டுக்குப் போயிருந்தது. தீர்ப்பு வராத நிலத்தில் நாங்கள் உழுவோம், நடுவோம், தண்ணீர் கட்டுவோம். கதிர் முற்றியதும் பண்ணை ஆட்கள் அரிவாளோடு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போலீஸ் வரும். யார் முந்தி அறுக்கிறானோ நெல் அவனுக்கு.

அதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. மணி முற்றும்வரை யாரும் காத்திருக்க மாட்டோம். பாதி பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுவோம். தூற்றினால் பாதி பதராகப் பறக்கும். அரிசி குத்தினால் நொய்யாகப் போகும். போனால் போகிறது, கைக்கு வந்ததே என்று வாயை மூடிக்கொள்வோம். பட்டா வந்த நாள்முதல் எங்கள் வயலில் ஒரு கதிர்கூட முழுசாகப் பழுத்து நான் பார்த்ததில்லை. அப்படி அறுத்தும் போன பொங்கல் சமயத்தில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்குப் பொங்கல் ஜெயிலில்.

அந்த வருஷம் சம்பா நடவுக்கு என்னை வயலில் இறங்கவிடவில்லை. நான் வரப்பில் நின்றபடியே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். "நாத்த நெருக்கி வைங்கடி! அத்தை, அங்க இடம் விட்டுட்டீங்க!" மாமியார் சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவ நட்டாக்கூட இம்புட்டுச் சத்தம் வராது" என்றார். அந்த நேரத்தில்தான் விலாவோரம் டொக்கென்று ஒன்று தெரிந்தது. தலையணையைத் தாண்டி வந்த முதல் உதை. நான் வரப்பிலேயே குதித்துவிட்டேன். குதிக்கக் கூடாது என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மார்கழியில் இரண்டாவது ஸ்கேன். இந்தத் தடவை தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடித்தேன். திரையில் அந்தப் பட்டையை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

"மேல போயிட்டுதுங்களா?"

"நல்லா மேல போயிட்டுது. வழி தெளிவா இருக்கு."

"அடி சக்க!" என்று படுத்தபடியே கை தட்டினேன். வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

வரும்போது பஸ்ஸில் அவர் ரிப்போர்ட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம் வரும். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "முதிர்ச்சி ரெண்டாம் நெலைன்னு போட்டிருக்கே. மொத்தம் எத்தன நெலை?"

"கடைசி நெலை மூணுன்னாங்க" என்றேன் ஜூஸின் இனிப்பு இன்னும் வாயிலிருக்க.

அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். வடுவூர் தாண்டியும் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கும் சம்பாக் கதிர் பால் பிடித்து நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவரும் மாமியாரும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். சேர்ந்து வந்து உட்கார்ந்த விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"டவுன்ல ஒரு நர்சிங் ஹோம்ல பேசிட்டு வந்திருக்கேன்" என்றார் அவர். "பொங்கலுக்கு முன்னாடியே எடுத்துடலாங்கறாங்க."

"எத எடுக்கறது?"

"புள்ளையத்தான்" என்றார் மாமியார். "நஞ்சு முத்திப்போச்சாமுல்ல. முத்துனத நிக்க விட்டா உதிர்ந்துடாது? நம்ம பொழப்புல எத முழுசா முத்த விட்டு அறுத்திருக்கோம்? கெடைக்கறப்ப எடுத்துக்கறதுதான் நமக்கு."

எனக்கு வந்ததே கோபம்! முருங்கைக்கீரை முறத்தோடு பறந்தது. "யாரக் கேட்டுப் பேசிட்டு வந்தீங்க? என் வயித்துல இருக்கறத அறுக்கறதுக்கு எனக்குத் தெரியாம ஆள் பேசிட்டு வர்றீங்களா? முத்துனது நஞ்சு. புள்ளை முத்தலையே! அது உள்ள இன்னும் பால் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குது. இந்த வயல்லதான் வருஷா வருஷம் பதர் தூத்தறோமே, என் புள்ளையயும் பதரா எடுக்கணுமா?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாமியார் கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கவிழ்ந்த முறத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்தத் தையிலயும் என்னைப் புடிச்சுக்கிட்டுப் போவானுங்க. எப்ப விடுவானுங்கன்னு தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டுப் போயிடலாம்னு நெனைச்சேன்."

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, "கெளம்புங்க டாக்டரம்மாகிட்ட. ரெண்டு பேரும் வாங்க" என்றேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் மேசையைத் தட்டினார்.

"இந்த மாசத்துக்கு ரெண்டாம் நெலைதான் சரி. நஞ்சு முத்துறதுன்னா அதுல அங்கங்க சுண்ணாம்புச் சத்து படியுது, அவ்வளவுதான். நாள் ஆவ ஆவ எல்லாருக்கும் படியும். மாசம் முழுசா ஆனப்புறம் மூணாம் நெலை வந்தாலும் தப்பில்ல. ரொம்ப முன்னாடியே வந்து, கொழந்தையும் வளராம இருந்தாத்தான் கவலை. இவளுக்குக் கொழந்தை நல்லா வளந்திருக்கு. இப்ப எடுத்தா அது மூச்சு விடச் சிரமப்படும். உள்ள அசையுதா?"

"சடுகுடு ஆடுதுங்க" என்றேன், மாமியாரைப் பார்த்துக்கொண்டே.

"அசைவு கொறைஞ்சா உடனே வா. இல்லேன்னா வலி வர்றப்ப வா. நடுவுல எவனாவது எடுக்கறேன்னு சொன்னா, எங்கிட்ட அனுப்பு அவன."

திரும்பி வரும் வழியில் எங்கள் வயலோரம் வந்ததும் நான் நின்றுவிட்டேன். கதிர் தலை சாய ஆரம்பித்திருந்தது. வழக்கப்படி அடுத்த வாரம் அதைப் பச்சையாக அறுக்க வேண்டும்.

"இதையும் அறுக்கக் கூடாது" என்றேன். "புள்ளையும் முழுசா வரட்டும், நெல்லும் முழுசா வரட்டும். நான் காவல் இருக்கேன்."

"நீயா?" என்றார் அவர்.

"நான்தான். எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னீங்கல்ல, உக்காந்திருக்கேன்."

அப்படித்தான் பொங்கல் கழிந்து தை முழுக்க நான் வரப்பில் கயிற்றுக் கட்டில் போட்டுக் குடையோடு உட்கார்ந்திருந்தேன். தெருப் பெண்கள் முறை வைத்து என்னோடு இருந்தார்கள். கதிர் பச்சையிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து பொன்னாக மாறுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். காற்றடித்தால் சலசலவென்று ஒரு சத்தம் வரும். முற்றின நெல்லுக்குத்தான் அந்தச் சத்தம் உண்டு. எங்கள் நிலத்தில் அதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒருநாள் பண்ணையின் ஏஜென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. "என்னம்மா, இந்த வருஷம் இன்னும் அறுக்கலியா?"

"இன்னும் முத்தலீங்க" என்றேன் வயிற்றைத் தடவிக்கொண்டே.

"முத்துனா நாங்க வந்து அறுத்துக்கறோம்."

"வாங்க வாங்க. வர்றப்ப டாக்டரையும் கூட்டிக்கிட்டு வாங்க, ரெண்டையும் சேத்துப் பாத்துட்டுப் போவட்டும்!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மனுஷன் வண்டியை உதைத்த உதையில் அது கிளம்பவேயில்லை. தள்ளிக்கொண்டு போனார்.

தைக் கடைசியில் ஒரு காலை அறுப்பில் இறங்கினோம். முதல் அரி கீழே விழும்போதே என் இடுப்பில் சுருக்கென்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வலி வந்த நேரத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். நேராக என் வீட்டுக்காரரிடம் போய்த் தோளில் கை வைத்தார்கள். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா! என்னையும் ஏத்துங்க!" என்று கத்தினேன்.

"ஒன்னை எதுக்கும்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வலி வந்துட்டுது! இந்தக் காட்டுல வேற வண்டி ஏது? ஏத்தறீங்களா, இல்ல இங்கயே பெத்துப்போடட்டுமா?"

அந்த மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. அவர் சரி என்று சொல்வதற்குள் மாமியார் என் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். ஒரு பக்கம் கைதியாக என் வீட்டுக்காரர், எதிர்ப்பக்கம் நான், நடுவில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் டிரைவரைத் திட்டினேன். ஒவ்வொரு வலிக்கும் பண்ணையைத் திட்டினேன். வேன் எங்களோடு போய்விட்டதால் வயலில் தடுக்க ஒரு போலீஸ்கூட மிச்சமில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கி, அவ்வளவையும் அன்றைக்கே அறுத்து முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தபோது, ஸ்கேனில் சொன்னபடியே குழந்தைக்கு வழி தெளிவாக இருந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குள் என் மகள் வந்துவிட்டாள். அவள் போட்ட சத்தம் என் சத்தத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. நஞ்சு வெளியே வந்ததும் நான் கேட்காமலேயே டாக்டரம்மா அதைத் தட்டில் வைத்து என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அரிசி நொய்யைத் தூவிவிட்டாற்போல அங்கங்கே வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"நீ சண்டை போட்ட முதிர்ச்சி இதான். பாத்துக்க."

பார்த்தேன். இத்தனை மாதம் என் பிள்ளைக்குச் சோறு போட்டது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதைத் தூக்கிப்போட நர்ஸ் எடுத்துக்கொண்டு போனபோது மாமியார் வழியை மறித்தார். "அத எங்கிட்ட குடுங்கம்மா. எனக்கு மூணு புள்ளைங்க. மூணோட நஞ்சும் பண்ணைக் கொல்லையிலதான் கெடக்குது. பொதைக்க எங்களுக்குன்னு ஒரு சாண் மண்ணு இல்ல அப்ப. இதையாவது எங்க மண்ணுல வைக்கறேன்." ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு மண்சட்டி வாங்கிவந்து, மஞ்சள் துணியால் மூடி, கையில் ஏந்திக்கொண்டார்.

வராந்தாவில் என் வீட்டுக்காரர் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. நர்ஸ் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். அரிவாள் பிடித்த கை, குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், விரல் ஒவ்வொன்றையும் பார்த்தார், நகத்தைக்கூடப் பார்த்தார். எதுவும் பச்சையாக இல்லை. அப்படியே உடைந்து அழுதுவிட்டார்.

"போலாமாய்யா?" என்றார் ஒரு போலீஸ்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமியார் சட்டியை ஏந்தியபடி மகன் முன்னால் போய் நின்றார்.

"நீ போயிட்டு வா தம்பி. இத நம்ம வயல்ல, மடையோரமாப் பொதைச்சு வைக்கறேன். ஒன் மவளோட ஒரு பாதி இது, நீ வர்ற வரைக்கும் நெலத்தப் பாத்துக்கட்டும்."